சிறுவாடு யாருடைய பணம்?

1943இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் மனைவியின் பெயரில் 103 பவுண்டு 10 ஷில்லிங் கிடந்தது. வீட்டுச் செலவுக்குக் கணவன் கொடுத்து வந்த பணத்தில் அந்தப் பெண் மிச்சம் பிடித்துப் போட்டு வைத்தது. இது யாருக்குச் சேரும்? வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. கணவனுக்கே என்று தீர்ப்பானது.

காரணம் ரொம்ப எளிது. ஒரு ஆளிடம் காசு கொடுத்து சாமான் வாங்கி வரச் சொல்கிறோம். மீதி இருந்தால் கொடுத்தவரிடம்தானே வந்து சேர வேண்டும்? மனைவி அந்த ஆள். நீதிபதிகளில் ஒருவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. மிச்சம் மனைவிக்குத்தான் என்று சொல்லிவிட்டால், பெண்கள் புருஷனுக்கு நல்ல கறி சமைக்காமல் டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சியைப் போட்டுக் காசு சேர்க்க ஆரம்பித்துவிட மாட்டார்களா?

சட்டப் புத்தகங்களில் இது பிளாக்வெல் வழக்கு. இதை முதலில் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: அந்த நீதிபதிக்குத் தமிழ் தெரிந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டாம். அவர் பயந்த விஷயத்துக்கு நம்மிடம் ஒரு பெயரே இருக்கிறது. சிறுவாடு.

சிறுவாடு என்றால் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். ஆனால் வங்கியில் மாதாமாதம் கட்டுகிற ஆர்.டி.யை யாரும் சிறுவாடு என்று சொல்வதில்லை. ஆண்கள் சேர்ப்பதையும் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. சிறுவாடு என்றால் அதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கவேண்டும்: சேர்ப்பவர் பெண்ணாக இருக்கவேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரியக்கூடாது. அல்லது தெரிந்தும் தெரியாதமாதிரி இருக்கவேண்டும். கடுகு டப்பா, அரிசிப் பானை, பழைய பட்டுப்புடவையின் மடிப்பு, சாமி படத்துக்குப் பின்னால் என்று இடங்கள் மாறும். "எங்கம்மா பருப்பு டப்பால வச்சிருப்பாங்க" என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வோம். சினிமாவிலும் அது சிரிப்புக் காட்சிதான். ஒருவர் தன் வீட்டுக்குள்ளேயே ஏன் பணத்தை ஒளித்து வைக்க வேண்டியிருக்கிறது என்ற கேள்வி அந்தச் சிரிப்பில் காணாமல் போய்விடுகிறது.

வரவு அவனுடையது, அதற்குள் வாழ்ந்து காட்டுவது அவளுடைய வேலை என்ற ஏற்பாடு மிகப் பழையது. திருக்குறளில் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்தின் முதல் குறளே, கணவனின் வளத்துக்கு ஏற்ப வாழ்பவளைத்தான் வாழ்க்கைத் துணை என்கிறது. பட்ஜெட் போடுவது என்று இன்று யூடியூபில் பாடம் எடுக்கிற விஷயம், நம் வீடுகளில் சம்பளமில்லாத ஒரு பதவியாகவே இருந்திருக்கிறது. சம்பளமும் கிடையாது, அதிகாரமும் பாதிதான். சம்பளக் கவர் அப்படியே கைக்கு வந்த வீடுகள் உண்டு. தினமும் காலையில் அலமாரியைத் திறந்து எண்ணிக் கொடுக்கப்பட்ட வீடுகளும் உண்டு. இரண்டாவது வகை வீட்டில் மிச்சம் பிடிப்பது எப்படி?

சில்லறையில்தான். 1957க்கு முன் ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்றானது. கணக்கு சுலபமாகிவிட்டது என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் ஓர் அணா என்பது 6.25 நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதனால் மாற்று அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று முழு எண்ணாக்கினார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். நாலணாச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் 25 நயா பைசா. அதையே ஓர் அணா, ஓர் அணாவாக நாலு தடவை வாங்கினால் 24. ஒரு பைசா மிச்சம்! பழைய காசும் புதுக் காசும் சேர்ந்தே புழங்கிய அந்தச் சில வருடங்களில் இந்த ஒரு பைசா எத்தனை முந்தானைகளில் முடிச்சானது என்று எந்த அரசாங்க ஆவணமும் சொல்லப்போவதில்லை.

குடும்பப் பொருளாதாரத்தின் வரலாற்றை எழுத நினைக்கிற எவருக்கும் இருக்கிற பெரிய சிக்கல் இதுதான். கணக்குப் புத்தகம் கிடைத்தாலும் சிறுவாடு அதில் இருக்காது. இருந்தால் அது பொய்யாக இருக்கும்.

என் அம்மாவின் பழைய கணக்கு நோட்டுகள் சில என்னிடம் இருக்கின்றன. ஜவுளிக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரிகள். பால், மளிகை, காய், கேஸ், ஸ்கூல் வேன் என்று வரிசையாக எழுதி, கடைசியில் 'இதரம்' என்று ஒரு வரி. ஒரு மாதம் 40 ரூபாய், அடுத்த மாதம் 65. பொங்கல் வருகிற மாதங்களில் மட்டும் இதரம் அநேகமாக இல்லை. "இதரம்னா என்னம்மா?" என்று கேட்டேன். "இதரம்னா இதரந்தான்" என்றார். அப்புறம் அவராகவே சொன்னார், இதரம் சும்மா கண்துடைப்பு, நிஜச் சேமிப்பு உளுந்திலும் துவரம்பருப்பிலும்தான் இருந்ததாம். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூட்டி எழுதுவாராம். அப்பா நோட்டைப் பார்ப்பார், ஆனால் பருப்பு விலை அவருக்குத் தெரியாது. அந்தப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்றதற்கு, "பாட்டியப் பாக்கப் போற பஸ் காசு, வேற என்ன" என்றார். அப்பாவிடம் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டாரா? "குடுப்பாருடா. ஆனா கேக்கணும்ல."

அந்தக் 'கேக்கணும்ல'தான் விஷயம். சிறுவாட்டை நம் பாட்டிகளின் நிதி மேலாண்மைத் திறன் என்று கொண்டாடும் பதிவுகள் எனக்கு ஒட்டுவதில்லை. திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் அந்த மிச்சம் அவர்களுடைய தட்டிலிருந்துதான் வந்தது. புருஷனுக்குக் கறி, பிள்ளைகளுக்கு முட்டை, தனக்கு ரசமும் அப்பளமும். இங்கிலாந்து நீதிபதி பயந்ததற்கு நேர் எதிர்.

ஒளித்து வைத்த காசு வளராது. அதை வளர்க்க வந்ததுதான் தெருச் சீட்டு. 20 பெண்கள், மாதம் 1000 ரூபாய், 20 மாதம். ஒவ்வொரு மாதமும் 20,000 சேரும். அவசரம் இருப்பவர் ஏலத்தில் தள்ளி எடுப்பார். 5000 தள்ளுபடிக்குக் கேட்டால் கையில் கிடைப்பது 15,000. அந்த 5000இல் சீட்டு நடத்துபவரின் பங்கு 1000 என்று வைத்துக்கொண்டால், மீதி 4000ஐ 20 பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 200. ஆக அந்த மாதம் கட்டவேண்டியது 800தான். வங்கிக்குள் நுழையாமல், அடமானம் இல்லாமல், புருஷன் கையெழுத்து இல்லாமல் கடன் வாங்கவும் வட்டி சம்பாதிக்கவும் ஒரே ஏற்பாடு. சென்னை மாகாணத்தில் 1961இல் சீட்டுகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது, 1982இல் நாடு முழுமைக்கும் வந்தது. தெருச் சீட்டுகள் இரண்டுக்கும் அடங்கியதில்லை. சீட்டு பிடித்தவர் இரவோடிரவாக ஊரை விட்டுப் போனால் போலீசுக்கும் போகமுடியாது. போனால் முதல் கேள்வி, "உனக்கு ஏதும்மா இவ்ளோ பணம்?"

இந்தக் கேள்வியை அரசாங்கமே எல்லாரிடமும் கேட்ட இரவு ஒன்று வந்தது. அதற்கு முன்பும் பண மதிப்பிழப்புகள் நடந்திருக்கின்றன. 1946 ஜனவரியில் 500, 1000, 10,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1978 ஜனவரியில் 1000, 5000, 10,000. இரண்டுமே கடுகு டப்பாவைத் தொடவில்லை, ஏனென்றால் அத்தனை பெரிய நோட்டை நம் வீட்டுப் பெண்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. 500 ரூபாய் நோட்டு மறுபடி 1987இல் வந்தது, 1000 ரூபாய் 2000இல். விலைவாசி ஏற ஏற சிறுவாடும் பெரிய நோட்டுக்கு மாறியது. பத்து ஐம்பது ரூபாய் நோட்டுகளை டப்பாவில் அடைப்பதைவிட ஒரு 500 ரூபாய் நோட்டு மெலிசு, ஒளிக்க வசதி. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு, புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் செல்லாததாக அறிவிக்கப்பட்டபோது, ஒளிக்க வசதியாக இருந்ததே வினையாகிப் போனது.

மாற்றிக்கொள்ள முதலில் 4000, பிறகு 4500, பிறகு 2000 ரூபாய். விரலில் மை. நவம்பர் 24க்குப் பிறகு வங்கிக் கவுண்டரில் மாற்றுவதும் நின்றது. டிசம்பர் 30 வரை கணக்கில் போடலாம். கணக்கு? பல பெண்களுக்கு அது கணவனோடு சேர்ந்த கணக்காக இருந்தது, அல்லது கணக்கே இல்லை. அந்த வாரங்களில் தமிழ்நாட்டு வீடுகளில் நடந்த உரையாடல்களை யாராவது பதிவு செய்திருக்கவேண்டும். "இந்தாங்க, இதை மாத்திக் குடுங்க" என்று எட்டாயிரத்தையோ முப்பதாயிரத்தையோ நீட்டிய பெண்கள். சில வீடுகளில் கேலி. சில வீடுகளில் சண்டை. சில வீடுகளில் பணம் போனது, திரும்பி வரவில்லை. கறுப்புப் பணத்தைப் பிடிக்க வீசிய வலை என்றார்கள். திரும்பி வந்த நோட்டுகளை ரிசர்வ் வங்கி எண்ணி முடித்தபோது 99 சதவீதத்துக்கு மேல் வந்து சேர்ந்திருந்தது. கறுப்பு மாட்டியதோ இல்லையோ, மஞ்சள்தூள் வாசம் வீசிய நோட்டுகள் வெளியே வந்தன.

இல்லத்தரசிகள் 2.5 லட்சம் வரை போட்டால் கேள்வி இல்லை என்று அரசு சொல்லியிருந்தது. ஆனால் கேட்டார்கள். குவாலியரைச் சேர்ந்த ஒரு பெண் 2,11,500 ரூபாய் போட்டதற்கு, கணக்கில் வராத வருமானம் என்று வரித்துறை பிடித்தது. கணவரும் மகனும் உறவினர்களும் கொடுத்ததில் சேர்த்தது என்றார் அவர். ஆக்ராவிலிருக்கும் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2021இல் அவர் பக்கம் நின்றது. இல்லத்தரசிகள் அப்போது 2.5 லட்சம் வரை போட்ட சேமிப்பை வருமானமாகக் கொள்ளக்கூடாது என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் என்னை உறுத்துவது, அவர் ஜெயித்ததே அது 'வருமானம் இல்லை' என்பதால்தான். அவர் உழைப்புக்குக் கிடைத்ததாக அல்ல, மற்றவர்கள் கொடுத்ததில் மிஞ்சியதாகத்தான் அந்தப் பணம் தப்பித்தது.

இந்திய நீதிமன்றங்கள் இல்லத்தரசியின் வேலைக்கு ரூபாயில் விலை போட்டதே இல்லையா என்றால், போட்டிருக்கின்றன. அவர் செத்தபிறகு. 1989இல் ஜாம்ஷெட்பூரில் நடந்த தீ விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001இல் இழப்பீடு கணக்கிட, இறந்துபோன இல்லத்தரசியின் வேலைக்கு மாதம் 3000 ரூபாய் என்று வைத்துக்கொண்டது. உயிரோடு இருப்பவருக்கு அந்த 3000 கிடையாது.

இங்கிலாந்தில் பிளாக்வெல் தீர்ப்பை மாற்ற 21 வருடம் பிடித்தது. எடித் சம்மர்ஸ்கில் என்ற டாக்டர், தொழிற்கட்சி அரசியல்வாதி, விடாமல் மல்லுக்கு நின்று 1964இல் ஒரு சட்டம் கொண்டுவர வைத்தார்: வீட்டுச் செலவுக்குக் கணவன் கொடுத்ததில் மிஞ்சுவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், இருவருக்கும் பாதிப் பாதி. முழுதும் அல்ல, பாதி.

நம்மிடம் அந்தப் பாதி ஒரு தீர்ப்பாக வந்தது, 2023 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றத்தில். கணவர் 1983 முதல் 1994 வரை சவூதியில் வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார், அந்தப் பணத்தில் சொத்து வாங்கப்பட்டது. எல்லாம் என் காசு என்றார் கணவர். மனைவியின் பங்களிப்பை அங்கீகரிக்கத் தனிச் சட்டம் இல்லைதான், ஆனால் அங்கீகரிக்கக் கூடாது என்றும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்றார் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே சம பங்கு. பிளாக்வெல் வழக்கின் 'மீதி கொண்டுவர வேண்டிய ஆள்' இங்கே பங்காளி ஆனார்.

அதே வருடம் செப்டம்பர் 15இல் காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் மாதம் 1000 ரூபாய். தேர்தல் கணக்கு, இலவசம் என்று ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். எனக்கு அதன் பெயரில் உள்ள 'உரிமை' என்ற சொல் முக்கியமாகப் படுகிறது. 1989இல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் சிறுவாட்டை டப்பாவிலிருந்து எடுத்து, பத்து இருபது பெண்கள் முன்னால் நோட்டில் எழுதவைத்தன. அது பெண்கள் தாங்களே மிச்சம் பிடித்த பணம். இது கேட்காமல் வருகிற பணம். "குடுப்பாரு, ஆனா கேக்கணும்ல" என்பதற்கு அரசாங்கம் கொடுத்த முதல் பதில் என்றுகூடச் சொல்வேன். கொஞ்சம் மிகைதான். ஆயிரம் ரூபாய் இன்று இரண்டு வாரக் காய்கறிக்குக்கூட வருமா தெரியாது, பல வீடுகளில் அது வந்த அன்றே மளிகைப் பாக்கிக்குப் போய்விடுகிறது.

சிறுவாடு ஒழிந்துவிடும் என்றால் அது உரிமைத் தொகையாலும் தீர்ப்புகளாலும் நடக்கப்போவதில்லை, யுபிஐயால் நடக்கும் என்று நினைக்கிறேன். அதுவும் 2016இல் வந்ததுதான். கணவர் அனுப்புகிறார், மனைவி ஸ்கேன் செய்கிறார், ஒவ்வொரு ரூபாய்க்கும் மெசேஜ். உளுந்துக்கு இரண்டு ரூபாய் கூட்டி எழுத அதில் இடமே இல்லை. எல்லாம் வெளிப்படை. குடும்பக் கணக்கைப் பதிவு செய்ய எத்தனையோ ஆப்கள், வட்ட வட்டமாக வண்ண வரைபடம், எதிலும் இதரம் என்ற வரி சும்மா கிடக்க முடியாது, விளக்கம் கேட்கும்.

போன மாதம் எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் எனக்கு முன்னால் ஒரு அக்கா நின்றிருந்தார். சாமான் 340 ரூபாய். போனை எடுத்து ஸ்கேன் செய்தபடியே மெதுவாகச் சொன்னார், "அண்ணாச்சி, நானூத்தி நாப்பது போடறேன், நூறு ரூவா கையில குடுங்க." அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. கல்லாவைத் திறந்து, இரண்டு ஐம்பது ரூபாய்த் தாள்களை எடுத்து, பருப்புப் பொட்டலத்துக்கு அடியில் வைத்து நீட்டினார்.