நமுனுகுல அடிவாரத்து மனிதர்

பதுளை நகரில் நின்று தென்கிழக்கே நோக்கினால், முகில் தவழும் நமுனுகுல மலை தெரியும். 6,600 அடிக்கும் மேற்பட்ட உயரம் உடையது. ஒன்பது முடிகள் கொண்டமையால் அப்பெயர் பெற்றது என்பர். அதன் சரிவுகளிலே தேயிலை; தேயிலைக்கு நடுவே தமிழ்த் தொழிலாளரின் லயங்கள்; பள்ளத்தாக்குகளிலே சிங்களக் கிராமங்கள்; பதுளைக் கடைத்தெருவிலே முஸ்லிம் வணிகர். வடக்கே சமவெளியில் இறங்கினால், மகியங்கனையை அடுத்த தம்பானையில் வேடர் வாழ்கின்றனர். மேட்டுப் பங்களாக்களிலோ, நெடுங்காலம் வெள்ளைத் துரைமார் வீற்றிருந்தனர்.

இத்துணை வகை முகங்களைக் காண்பவர், இவர்கள் எல்லாரும் ஒரு வழித்தோன்றல்கள்தாமா என்று ஐயுறுதல் இயல்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர்களும் ஐயுற்றார்கள். ஐயத்தைத் தீர்க்க அளவுகோலைக் கையில் எடுத்தார்கள்.

1883இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்திலிருந்து பால் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் இரு உறவினர் இலங்கைக்கு வந்தனர். வேடரின் உடலை அளந்தனர். மண்டையோடுகளையும் எலும்புகளையும் திரட்டித் தம் ஊருக்குக் கொண்டுசென்றனர். மனித குலத்தின் மிகத் தொடக்கநிலை வகையினர் வேடரே என்பது அவர்கள் கண்ட முடிவு. பாக்கு நீரிணைக்கு அப்பால், சென்னை அரும்பொருட்காட்சிச்சாலையின் தலைவர் எட்கார் தர்ஸ்டன் தமிழரின் தலைகளையும் மூக்குகளையும் அளந்துகொண்டிருந்தார். வங்காளத்தில் ரிஸ்லி என்ற அதிகாரியோ 1891இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, மூக்கு அகலமாக ஆகச் சமுதாய மதிப்புக் குறையும் என்றே எழுதிவிட்டார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு மனிதனின் தகுதி தெரிந்துவிடுமாம்! இன்று நகைப்புக்கு இடமாகும் இக்கணக்கு, அன்று அரசாங்க வெளியீடாக அச்சேறியது.

தோட்டத் துரைமாரிடம் அளவுகோல் இல்லை. ஆயினும் கொள்கை இருந்தது. தமிழன் இயல்பிலேயே பணிவுள்ள உழைப்பாளி, சிங்களவன் இயல்பிலேயே சோம்பேறி என்பது அவர்கள் கொள்கை. உண்மை வேறு. சிங்களக் குடியானவனுக்குச் சொந்த வயல் இருந்தது. கூலிக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணியின் பின்னே நடந்து வந்தவனுக்கோ நிலமில்லை. பஞ்சமும் கடனும் அவனைத் துரத்தின. வயிற்றின் வேறுபாட்டை இரத்தத்தின் வேறுபாடாக எண்ணிக்கொண்டனர்.

இனி மலைகள் சொல்லும் சான்றைக் கேட்போம். 1907இல் மீண்டும் வந்த சரசின் உறவினர், நமுனுகுலவுக்குக் கிழக்கே நில்கலக் காட்டுக் குகையொன்றில் கற்காலக் கருவிகளை அகழ்ந்தெடுத்தனர். சில ஆண்டுகளில் ஹாட்லி என்பவர் பண்டாரவளைக் குன்றுகளில் நுண்கற்கருவிகளைத் திரட்டினார். அண்டையிலுள்ள சபரகமுவைக் குகைகள் எலும்புகளையே தந்தன. பி. ஈ. பி. தெரணியகல அம்மாந்தரைப் ‘பலாங்கொடை மனிதன்’ என அழைத்து, தனியொரு கிளையினராகவே வகுத்தார். பிற்கால ஆய்வோ, அவர்களும் நம்மைப் போன்ற மனிதரே எனத் தெளிவுபடுத்திற்று. பாகியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்பே வில்லும் அம்பும் வழங்கியதற்கான தடயங்களை 2020இல் ஆய்வாளர் வெளியிட்டனர். ஆபிரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவிய மனிதரின் ஒரு கூட்டம் அது.

அதே ஆபிரிக்க மூதாதையரின் வேறு வழியினர் ஐரோப்பாவுக்கும் போயினர். இங்கிலாந்தின் செடார் பள்ளத்தாக்கில் 1903இல் கண்டெடுத்த எலும்புக்கூடு, சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அவனுடைய தோல் பெரும்பாலும் கருநிறமாகவே இருந்திருக்கும் என 2018இல் மரபணு ஆய்வாளர் அறிவித்தனர். துரைமார் காலத்தில் இச்செய்தி வந்திருக்கலாகாதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு! கடும் வெயிலில் கருந்தோல் உடலைக் காக்கிறது. வெயில் குன்றிய வடநாடுகளிலே வெளிர்தோல் உயிர்ச்சத்து ‘டி’ உண்டாக உதவுகிறது. மூக்கின் அகலத்திலும் தட்பவெப்பத்துக்குப் பங்குண்டு.

1950இல் யுனெஸ்கோ கூட்டிய அறிஞர்கள், மனிதர் அனைவரும் ஒரே இனம் என அறிக்கை விடுத்தனர். 1972இல் லெவொன்டின் என்னும் அமெரிக்கர், மனிதரின் மரபு வேறுபாட்டில் ஏறத்தாழ 85 விழுக்காடு ஒரே மக்கட்கூட்டத்தின் உள்ளேயே காணப்படுகிறது எனக் கணக்கிட்டார். ஒரு லயத்தின் அடுத்தடுத்த காம்பிராக்களில் வாழும் இருவரிடையே உள்ள வேறுபாடு அவ்வளவு பெரிது. சிங்களவருக்கும் இலங்கைத் தமிழருக்கும் இடையே மரபுக் கலப்பு மிகுதி என 2023இல் ஓர் ஆய்வு கண்டது. தொடக்கநிலை மனிதர் எனத் தனியே ஒதுக்கப்பட்ட வேடரோ, இந்தியாவின் இருளர், பணியர், சந்தால் மக்களுக்கு நெருங்கியோர் என அறிந்துள்ளனர்.

ஆகவே இம்மலைகளில் வாழ்வோர் எவரும் இங்கேயே முளைத்தவர் அல்லர். முன்னே வந்தோரும் பின்னே வந்தோரும் கலந்தோருமே. ஆயினும் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், பின்னே வந்தோரைப் பார்த்து, உன் தந்தை இந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. லயத்தில் பிறந்த பலருக்குப் பதிவே இல்லை. பண்டாரவளைக் குன்றிலே கல்லைச் செதுக்கியவனிடம் அத்தகைய சான்றை எவரும் கேட்டிலர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் என எண்ணிப் பிரித்தது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறியது. 1948இல் நமுனுகுல லயத்தில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 55.