இரண்டு இல்லங்கள், இரண்டு அடுக்களைகள்

1889 மார்ச்சில் பண்டித ரமாபாய் பம்பாயில் சாரதா சதனைத் திறந்தார். விதவைச் சிறுமிகள் தங்கிப் படிப்பதற்கான இல்லம் அது. இருபத்து சொச்சம் ஆண்டுகள் கழித்து, 1912 வாக்கில், ஆர்.எஸ். சுப்புலட்சுமி சென்னை எழும்பூரில் நான்கு பிராமண விதவைச் சிறுமிகளை வைத்துக்கொண்டு அதே வேலையை ஆரம்பித்தார். அதே ஆண்டில் அவர் தொடங்கிய பெண்கள் அமைப்புக்கும் சாரதா லேடீஸ் யூனியன் என்றே பெயர். இருவரும் விதவைகள். இருவரும் வேண்டியது ஒன்றே: கணவனை இழந்த பெண் படித்து, சம்பாதித்து, யார் தயவும் இல்லாமல் வாழ வேண்டும்.

இவர்களை ஒப்பிடுகிறவர்கள் வழக்கமாக ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். ரமாபாய் மதத்தையே உதறிய துணிச்சல்காரர், சுப்புலட்சுமி ஆசாரத்துக்கு அடங்கிப் போனவர் என்று. எனக்கு இந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. துணிச்சலை வைத்து இவர்களை அளப்பதைவிட, இவர்கள் தேர்ந்த வழிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பதே நியாயமாகப் படுகிறது.

சுப்புலட்சுமிக்குப் பதினோரு வயதில் கல்யாணம். சிறிது காலத்திலேயே கணவன் இறந்தான். விதவையின் தலையை மழித்து, நார்மடி உடுத்தி, வீட்டின் பின்கட்டில் ஒடுக்கிவிடுவதுதான் அன்றைய வழக்கம். அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர் அதைச் செய்யவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பினார். தானும் விதவையான சித்தி வாலாம்பாள் துணை நின்றார். 1911-இல் சுப்புலட்சுமி மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தார். ஊர் பேசியதையெல்லாம் அந்தக் குடும்பம் சேர்ந்து தாங்கிக்கொண்டது.

ரமாபாய்க்கு அப்படி ஒரு வீடு இல்லை. தந்தை அனந்த சாஸ்திரி தன் மனைவிக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காக எதிர்ப்பைச் சந்தித்தவர். அந்தக் குடும்பம் ஊர் ஊராகப் புராணம் சொல்லிப் பிழைத்தது. 1870-களின் பஞ்சத்தில் தாயும் தந்தையும் மாண்டார்கள். மிஞ்சிய அண்ணனோடு கால்நடையாகவே திரிந்து 1878-இல் கல்கத்தா சேர்ந்தபோது, அங்கிருந்த அறிஞர்கள் அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்டு 'பண்டிதை' என்றும் 'சரஸ்வதி' என்றும் பட்டம் கொடுத்தார்கள். 1880-இல் அண்ணனும் இறந்தான். அதே ஆண்டில் வேறு சாதிக்காரரான விபின் பிஹாரி மேதாவி என்ற வங்காளி வழக்கறிஞரை மணந்தார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, காலரா அவரையும் கொண்டுபோனது. கையில் மகள் மனோரமா. சுப்புலட்சுமிக்கு இழப்பதற்கு ஒரு குடும்பம் இருந்தது, அதைக் காப்பாற்றியபடியே அவர் நடக்க வேண்டியிருந்தது. ரமாபாயிடம் இழக்க ஏதும் மிச்சமில்லை.

1883-இல் இங்கிலாந்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஆனால் திருச்சபைக்கும் அவர் பணிந்து நடக்கவில்லை. அங்கே அவர் தங்கியிருந்த வான்டேஜ் மடத்துக் கன்னியாஸ்திரிகள் தந்த உணவில் முட்டை கலந்திருந்தால்கூடத் தொட மறுத்தார். ஆண்களுக்கு அவர் பாடம் நடத்தக் கூடாது என்று இந்தியாவிலிருந்த பிஷப்புகள் தடுத்தபோது கடிதம் எழுதிச் சண்டை போட்டார். என்ன நம்புவது, எதைச் சாப்பிடுவது என்பதை மனுவும் முடிவு செய்யக் கூடாது, பிஷப்பும் முடிவு செய்யக் கூடாது என்பது அவர் கட்சி.

இத்தனை உறுதி படைத்தவர் சாரதா சதனில் ஓர் ஏற்பாடு செய்தார். அங்கே வந்த பிராமணப் பெண்கள் தங்கள் சாதி ஆசாரத்தைக் கடைப்பிடிக்கலாம், அடுக்களை அதற்கேற்பவே நடக்கும். 1887-இல் அவர் எழுதிய ஆங்கில நூல் பேசியதும் உயர்சாதி இந்துப் பெண்ணைப் பற்றித்தான். இதைக் கவனித்தால், தொடக்கத்தில் இருவருக்கும் இடையே நாம் நினைக்கிற அளவு தூரம் இல்லை என்பது தெரியும். இருவர் கண்ணும் ஒரே சிறுமிமீது இருந்தது. அவளைப் பெற்றவர்களிடம் இருவரும் தந்த வாக்கும் ஒன்றுதான்: சாப்பாட்டில் தீட்டுப்படாது.

முறிவு வந்தது ஜெப வேளையில். ரமாபாய் காலையில் ஜெபம் செய்யும்போது தன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருந்தார். யாரையும் கூப்பிடவில்லை. ஆனால் தாயைப் போலிருந்த ஒருவரின் பக்கத்தில் போய்ச் சிறுமிகள் உட்கார்ந்தார்கள். இல்லம் அப்போது புணேவுக்கு மாறியிருந்தது. திலகரின் 'கேசரி' கடுமையாகத் தாக்கியது. 1893-இல் ஆலோசனைக் குழுவிலிருந்து ரானடேயும் பண்டார்க்கரும் விலகினார்கள். பெற்றோர் பலர் வந்து பெண்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஜெபத்தின் விலையைக் கொடுத்தவர்கள், பின்கட்டுக்கே திரும்பிப் போன அந்தப் பெண்கள். கதவை மூடிக்கொண்டிருக்கலாமே என்று எனக்கும் தோன்றியதுண்டு. ஆனால் தன் வீட்டிலேயே ஒளிந்து ஜெபிக்கும்படி ஒரு பெண்ணிடம் கேட்கும் உரிமை யாருக்கு இருக்கிறது?

சுப்புலட்சுமி தொடங்கியபோது இந்த அனுபவம் எல்லோர் கண்முன்னாலும் இருந்தது. தன் இல்லத்தில் ஆசாரத்தில் இம்மியும் குறையாதபடி பார்த்துக்கொண்டார். மறுமணம் செய்து வைப்பதை இல்லத்தின் வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. பெண் கல்வி இன்ஸ்பெக்டராக இருந்த மிஸ் லிஞ்ச் கைகொடுக்க, அரசு உதவி வந்தது. அதில் அரசுக்கும் ஒரு தேவை இருந்தது. பெண் பள்ளிகளில் ஆண்கள் பாடம் நடத்தினால் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். கல்யாணமான பெண்களோ வேலைக்கு வரமாட்டார்கள். மிஞ்சியவர்கள் விதவைகள். எந்தச் சுபகாரியத்துக்கும் ஆகாதவள் என்று எந்த வழக்கம் அவளை ஒதுக்கியதோ, அதுவே அவளை ஆசிரியை வேலைக்கு ஏற்றவளாக்கியது. விதவைகளை ஆசிரியைகளாகப் பயிற்றலாம் என்ற யோசனையை ரமாபாய் 1887-லேயே எழுதிவிட்டார். அரசுப் பணத்தோடு அதை நடத்திக் காட்டியவர் சுப்புலட்சுமி. இல்லம் பிறகு திருவல்லிக்கேணிக் கடற்கரையில், அமெரிக்கப் பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸுக்கு மாறியது. 1922-இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டது, அவரே முதல்வரானார்.

அதே காலத்து நாவல்கள் வேறு வழி தேடின. அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' (1903) விதவையே தன் கதையைச் சொல்லும் நாவல், மறுமணத்தில் முடிகிறது. பாரதி முடிக்காமல் விட்டுப்போன 'சந்திரிகையின் கதை'யிலும் விசாலாட்சிக்கு வேண்டியிருப்பது இன்னொரு கணவன். நல்ல மனதோடு எழுதப்பட்டவைதான், விதவை மறுமணத்தை அனுமதித்த 1856 சட்டம் ஏட்டளவில் கிடந்த நாட்டில் அந்தக் குரல் அவசியமானதும்கூட. ஆனால் விதவைகளாக வாழ்ந்து பார்த்த இந்த இரு பெண்களும் முதலில் கேட்டது மாதச் சம்பளம். மறுமணம் அவளவள் விருப்பம். சாரதா சதனில் படித்த விதவை கோதுபாய் 1893-இல் சீர்திருத்தவாதி தோண்டோ கேசவ் கார்வேயை மணந்தது அப்படித்தான்.

சுப்புலட்சுமியின் வழிக்கும் ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தவர்கள் வெளியே நின்றவர்கள். எல்லோருடைய வரிப்பணத்திலும் நடந்த விடுதி, பிராமண விதவைகளுக்கு மட்டும் என்று கதவடைத்தது. அறுத்துக்கட்டும் வழக்கமுள்ள, அதாவது விதவை மறுபடி மணந்துகொள்ளும் சாதிகளில் விதவைக் கொடுமை குறைவு என்று அதற்குச் சமாதானம் சொல்வார்கள். அந்த வழக்கம் இல்லாத பிராமணரல்லாத சாதிகளும் இருந்தன. அவர்கள் வீட்டு விதவைக்கும் படிப்பும் சம்பளமும் தேவைப்பட்டன. ரமாபாயின் கதவு இதற்கு நேர்மாறாகத் திறந்தது. உயர்சாதிப் பெற்றோர் கைவிட்ட பிறகு, 1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்குப் போய்ச் சாதி பார்க்காமல் நூற்றுக்கணக்கான பெண்களை அழைத்து வந்தார். கேட்காவில் அமைந்த முக்தி மிஷனில் அவர்கள் நெய்தார்கள், பயிர் செய்தார்கள், ரமாபாய் மராத்தியில் மொழிபெயர்த்த பைபிளை அச்சுக் கோத்தார்கள். அங்கே அடுக்களை ஒன்றாகிவிட்டது. கூடவே அது முழுக்கக் கிறிஸ்தவ இல்லமாகவும் ஆகிவிட்டது. தன் மதத்தை விடாமல் படிக்க நினைத்த பெண்ணுக்கு அங்கே இடம் சுருங்கிப்போனதை மறைக்க முடியாது.

ஒரு பிராமணரல்லாத விதவை 1915-இல் என் முன் வந்து எங்கே போவது என்று கேட்டிருந்தால் கேட்காவுக்குத்தான் வழி சொல்லியிருப்பேன். அதைச் சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஐஸ் ஹவுஸுக்குப் பக்கத்துக் குப்பத்தில் மீனவர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர் சுப்புலட்சுமி. விடுதிக் கதவில் தாண்ட முடியாத கோட்டை அவர் பள்ளிக்கூடத்தில் தாண்டினார்.