போன்ஸ்லே என்னும் குடிப்பெயர்

சாகண் ஊரில் சிதைந்த மதில்களோடு நிற்கும் சங்கிராம துர்க்கத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். 1660-ஆம் ஆண்டில் மொகலாயத் தளபதி சாயிஸ்தகான் அதனை முற்றுகையிட்டபோது, சிவாஜியின் கோட்டைத் தலைவர் பிரங்கோஜி நர்சாளா ஏறத்தாழ இரண்டு திங்கள் எதிர்த்து நின்றார். இஃது இவ்வூர்ச் சிறாரும் அறிந்த செய்தி. இக்கோட்டையை உடைமையாகக் கொண்டிருந்த குடியே பின்னாளில் நம் தஞ்சையையும் ஆண்டது என்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை.

அக்குடியின் பெயர் போன்ஸ்லே. அகமத்நகர் சுல்தானிடம் பணிபுரிந்த மாலோஜி போன்ஸ்லே, புணே, சூபே ஆகிய பகுதிகளையும் சிவனேரி, சாகண் கோட்டைகளையும் மானியமாகப் பெற்றார். ஷா ஷரீப் என்னும் முஸ்லிம் பெரியாரின் அருளால் பிறந்தனர் என்று கருதித் தம் மக்களுக்கு ஷாஜி, ஷரீப்ஜி எனப் பெயரிட்டார் என்பது வழிவழிச் செய்தி. அந்த ஷரீப்ஜியே தஞ்சையில் சரபோஜி ஆயிற்று!

தஞ்சை மன்னர்கள் சத்திரபதி சிவாஜியின் வழித்தோன்றல்கள் என்று நம் வீடுகளிலே சொல்லக் கேட்கிறோம். அது பொருந்தாது. ஷாஜிக்கும் ஜிஜாபாய்க்கும் பிறந்தவர் சிவாஜி. துகாபாய்க்குப் பிறந்தவர் ஏகோஜி. தஞ்சை அரசு ஏகோஜியின் வழியது. 1855-இல் ஆண் வாரிசின்றி மறைந்த கடைசி மன்னரின் பெயரும் சிவாஜி என்பதால் மயக்கம் மிகுந்தது போலும்.

இவ்விரு சகோதரரும் 1677-இல் கொள்ளிடக் கரையிலுள்ள திருமழபாடியில் சந்தித்தனர். செஞ்சியைக் கைப்பற்றி வந்த சிவாஜி, தந்தையின் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டார். தந்தை ஷாஜி பீஜப்பூர் அரசின் ஊழியராய்க் கருநாடகத்தில் ஈட்டியவை யாவும் இளையவர் கையிலேயே இருந்தன. தஞ்சையோ ஏகோஜி தம் வாளால் கொண்ட நாடு. அதனை அவர் எங்ஙனம் பங்கிடுவார்? பேச்சு முறிந்தது. ஏகோஜி இரவோடிரவாக ஆற்றைக் கடந்து தஞ்சை சேர்ந்தார். கொள்ளிடத்துக்கு வடக்கே இருந்த ஊர்கள் சிவாஜி வசமாயின. அவர் திரும்பியபின், அங்கே அவர் விட்டுச் சென்ற மற்றொரு சகோதரர் சாந்தாஜியோடும் ஏகோஜி பொருதார். உடன்படிக்கை அதன் பின்னரே உண்டாயிற்று. காணி வழக்கில் அண்ணன் தம்பியர் முகம் பாராதிருப்பதை நம் ஊர்களிலும் காண்கிறோம் அல்லவா? அவர்களுக்கு வரப்புக்குப் பதில் ஓர் ஆறு.

போன்ஸ்லே என்ற பெயரைக் கண்டவிடமெல்லாம் இவ்விரு கிளையையே நினைத்தலும் தகாது. 1740-இல் தமிழகத்தின்மீது படையெடுத்த இரகூஜி போன்ஸ்லே, நாகபுரி அரசை நிறுவியவர். அவர் மாலோஜியின் வழிவந்தவர் அல்லர். அவருடன் வந்த பத்தேசிங் போன்ஸ்லே பிறப்பால் லோகண்டே குடியினர். போரில் தந்தையை இழந்த அக்குழந்தையைச் சத்திரபதி சிவாஜியின் பேரர் ஷாகு மகாராஜர் மகனாய் ஏற்றுத் தம் குடிப்பெயரை அளித்தார். அக்கல்கோட்டை அரசு அவரால் தோன்றியது. இருவரும் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலியைத் தாமல்செருவுக் கணவாயில் வென்றனர். நவாபு அங்கேயே மாண்டார். 1741-இல் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிச் சந்தா சாகிபைச் சிறைப்படுத்தினர். அப்போது தஞ்சையில் அரியணை வீற்றிருந்த பிரதாப சிங்கரும் போன்ஸ்லேயே. ஒரே போரில் மூன்று போன்ஸ்லேக்கள். மூவரும் மூன்று குருதி!

தம் குடியின் வரலாற்றை இரண்டாம் சரபோஜி 1803-இல் தஞ்சைப் பெரிய கோயிற் சுவரில் மராட்டி மொழியில் வெட்டுவித்தார். தமிழராகிய நாம் பெரும்பாலும் அதனைப் படிக்க இயலாமல் கடந்து போகிறோம். விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் தம் மக்களை அச்சுவர் முன் நிறுத்துக. இங்குள்ள பள்ளிகளில் மராட்டி பயிலும் அவர்கள் சில வரிகளையேனும் நமக்குப் படித்துக் காட்டுவர்.