பிளிமத் சகோதரர் சபைகள்

பிளிமத் சகோதரர் சபைகள் 1820-களின் இறுதியில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் முளைத்து, இங்கிலாந்தின் தென்மேற்கில் வேரூன்றி, அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவிய தனித்த கிறிஸ்தவச் சபைகள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இவற்றைப் 'பிரதரன்' என்று சொல்வதே வழக்கம். இந்தப் பெயரை அவர்களே சூட்டிக்கொள்ளவில்லை. பிளிமத்திலிருந்து பிரசங்கிக்க வந்தவர்களை ஊரார் அப்படி அழைத்தார்கள், அதுவே ஒட்டிக்கொண்டது. தங்களை வெறுமனே விசுவாசிகள் என்று சொல்லிக்கொள்ளவே அவர்கள் விரும்பினார்கள். இச்சபைகளில் குருப்பட்டம் பெற்ற ஆயரும் இல்லை, கையெழுத்திட வேண்டிய விசுவாசப் பிரமாணமும் இல்லை. பின்னாளில் பிரிந்த இரு பிரிவுகளில் 'திறந்த பிரிவினர்' எனப்படுவோருக்கு எல்லாச் சபைகளையும் ஆளும் தலைமையகமும் கிடையாது. இத்தனையும் இல்லாத ஒரு கூட்டம் இருநூறு ஆண்டுகளாக அடையாளம் மாறாமல் நிற்பதற்குக் காரணம் அதன் உபதேசங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் காரணம் வேறு. ஞாயிறுதோறும் அப்பம் பிட்கிற பந்தியே இவர்களுடைய பிரமாணமும் சட்டமும். அதில் யார் உட்காரலாம், யார் அப்பத்தைப் பிட்கலாம் என்ற கேள்வியிலிருந்துதான் இயக்கம் பிறந்தது. அது உடைந்ததும் அதே கேள்வியில்தான்.

தொடக்க நாட்களின் மூன்று சம்பவங்கள் இதைக் காட்டும். எட்வர்ட் குரோனின் கத்தோலிக்கராகப் பிறந்து, பின்னர் சுயாதீனச் சபையாரோடு சேர்ந்தவர். உடல்நலத்துக்காக டப்ளினுக்கு வந்தபோது அங்கிருந்த பல சபைகள் அவரை விருந்தாளியாகத் திருவிருந்தில் சேர்த்துக்கொண்டன. அவர் ஊரோடு தங்கப்போகிறார் என்று தெரிந்ததும், ஏதாவது ஒரு சபையில் பெயர் எழுதிக்கொண்டால்தான் இனிப் பந்தியில் இடம் என்றன. கிறிஸ்துவின் உடல் ஒன்றுதான் என்றால் அதில் ஒரு பிரிவின் உறுப்பினராக மட்டும் எப்படி ஆவது என்று கேட்டு அவர் மறுத்தார். எக்சிட்டர் நகரில் நல்ல வருமானத்தோடு இருந்த பல் மருத்துவர் ஆன்டனி நோரிஸ் குரோவ்ஸ் (1795–1853) சொத்தையெல்லாம் ஊழியத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று 1825-இல் ஒரு சிறு நூல் எழுதி, அதன்படி நடந்தும் காட்டியவர். சர்ச் மிஷனெரி சங்கத்தின் வழியாக மிஷனெரியாகப் போக விரும்பிய அவரிடம், குருப்பட்டம் இல்லாதவர் திருவிருந்து நடத்தக் கூடாது என்று சொல்லப்பட்டது. சங்கத்தோடு அவருடைய தொடர்பு அத்துடன் நின்றது. விக்லோ மலைப்பகுதியில் அயர்லாந்துத் திருச்சபையின் உதவிக் குருவாக இருந்த ஜான் நெல்சன் டார்பி (1800–1882), புதிதாக மனம் மாறிய கத்தோலிக்கர்கள் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்று பேராயர் விதித்ததைக் கண்டு மனம் கசந்தார். திருச்சபையின் ஒருமை பற்றி 1828-இல் அவர் எழுதிய சிறு நூலிலும் விவாதப்பொருள் இதுவே: கிறிஸ்துவின் பந்திக்கு வாசற்படி எது, கிறிஸ்துவா, ஒரு நிறுவனமா?

விடை கட்டடமாக உருவெடுக்கவில்லை. 1829-இல் பிட்ஸ்வில்லியம் சதுக்கத்தில் ஒருவர் வீட்டில் கூடினார்கள். அடுத்த ஆண்டு ஆங்கியர் தெருவில் ஓர் ஏலக்கடைக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். சனிக்கிழமை மாலை ஏலச் சாமான்களை ஒதுக்கிவிட்டு, ஒரு சாதாரண மேசையில் அப்பத்தையும் திராட்சரசத்தையும் வைத்துவிட்டுப் போவார்கள். ஞாயிறு காலை ஆராதனைக்கு அந்த மேசைதான் மையம். பலிபீடமோ பிரசங்க மேடையோ அங்கில்லை. இன்றும் பல பிரதரன் சபைகளில் நாற்காலிகள் மேசையைச் சுற்றியே போடப்படுகின்றன. முன்கூட்டி எழுதிய ஒழுங்குமுறை கிடையாது. மௌனம் இருக்கும், பிறகு ஒரு சகோதரர் பாட்டு எண்ணைச் சொல்வார், இன்னொருவர் ஜெபிப்பார், வேறொருவர் வேதப்பகுதி வாசிப்பார். யாரேனும் ஒருவர் எழுந்து நன்றி சொல்லி அப்பத்தைப் பிட்பார். இரண்டு மூன்று பேர் என் நாமத்தில் எங்கே கூடினாலும் என்ற மத்தேயு சுவிசேஷத்து வாக்கை (18:20) அவர்கள் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துவே அங்கே தலைமை தாங்குகிறார் என்பதால் மனிதத் தலைவர் வேண்டியதில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை. முழுக்கு ஞானஸ்நானம், விசுவாசிகள் அனைவரின் ஆசாரியத்துவம், ஒருமுறை பெற்ற இரட்சிப்பு இழக்கப்படாது என்ற உறுதி, சபைக்கு மூப்பர்கள் பலர் வேண்டும் என்ற கொள்கை ஆகியவை இதைச் சுற்றியே அமைந்தன. இவற்றில் ஞானஸ்நானம்கூட எல்லாருக்கும் பொதுவாக இருக்கவில்லை. விசுவாசிகளின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பதே டார்பியின் நிலை.

பணத்தைப் பற்றிய அவர்களுடைய பழக்கமும் பந்தியிலிருந்தே கிளைத்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஜார்ஜ் முல்லர் (1805–1898) 1830-இல் டெயின்மத் ஊரில் ஊழியம் செய்தபோது, ஆலய இருக்கைகளுக்கு வாடகை வாங்கும் வழக்கத்தை நிறுத்தினார். காசுள்ளவருக்கு முன்வரிசை, ஏழைக்குப் பின்வரிசை என்பது அப்பத்தின் முன்னால் பொருந்தாது என்று அவருக்குப் பட்டது. அந்த வாடகையிலிருந்துதான் அவருடைய சம்பளம் வந்தது. ஆகவே சம்பளத்தையும் விட்டார். அதே ஆண்டு அவர் மணந்துகொண்டது குரோவ்ஸின் தங்கை மேரியை. குரோவ்ஸின் சிறு நூல் அவரை ஏற்கெனவே தொட்டிருந்தது. 1832 ஆகஸ்டில் முல்லரும் ஹென்றி கிரேக்கும் பிரிஸ்டலின் பெத்தெஸ்தா ஆலயத்தில் தொடங்கிய ஐக்கியத்தில் இருந்தவர்கள் ஏழே பேர், அவர்களில் நால்வர் பெண்கள். 1836-இல் தொடங்கிய அநாதை இல்லம், 1870-க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல் தங்கக்கூடிய ஐந்து பெரிய கட்டடங்களாக வளர்ந்தது. இதற்காக அவர் எந்த மனிதரிடமும் பணம் கேட்டதில்லை. தேவையை ஜெபத்தில் மட்டும் சொல்வதே வழி என்றார். ஆண்டுதோறும் அச்சிட்ட அறிக்கைகளே ஒருவகை விண்ணப்பம்தானே என்று சிலர் கேட்டதுண்டு. அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் சீன உள்நாட்டு மிஷன் போன்ற அமைப்புகள் பின்பற்றிய 'விசுவாசத்தில் வாழும் ஊழியம்' என்ற முறைக்கு பிரிஸ்டலே நாற்றங்கால் என்பதை அது மாற்றாது.

சகோதரர் சபைகளை அறிந்தவர்கள் இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுப்புவார்கள். இவ்வியக்கத்தின் அடையாளம் அப்பமல்ல, கிறிஸ்துவின் இரகசிய வருகை பற்றிய உபதேசமே என்பார்கள். 1831 முதல் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளும், மனித வரலாற்றை யுகங்களாகப் பிரித்து டார்பி வகுத்த முறையும், மகா உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்ற போதனையும் உலகெங்கும் சுவிசேஷக் கிறிஸ்தவர்களின் சிந்தனையைத் திருப்பிவிட்டன என்பது உண்மை. ஆனால் அந்த உபதேசம் பிறந்த வீட்டிலேயே எல்லாராலும் ஏற்கப்படவில்லை. பிளிமத் சபையை நடத்திய பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் அதைக் கடுமையாக எதிர்த்தார். புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பாடங்களை ஆராய்ந்த டிரெகெல்லஸும் ஏற்கவில்லை, முல்லரும் ஏற்கவில்லை. இருந்தும் முல்லரைப் பிரதரன் அல்லாதவர் என்று யாரும் சொல்வதில்லை. மறுபக்கம், அந்தப் போதனையை அமெரிக்கா முழுவதும் கொண்டுசேர்த்தது 1909-இல் வெளிவந்த ஸ்கோபீல்டின் குறிப்பு வேதாகமம். ஸ்கோபீல்டு பிரதரன் அல்ல. வீட்டுக்கு வெளியே செழித்து, வீட்டுக்குள்ளே பலரால் மறுக்கப்பட்ட ஒன்றை அந்த வீட்டின் தூண் என்று சொல்ல முடியாது.

பிளவுகளே இதற்கு மேலும் உறுதியான சான்று. சுவிட்சர்லாந்திலிருந்து 1845-இல் பிளிமத்துக்குத் திரும்பிய டார்பி, அங்கே நியூட்டன் கிட்டத்தட்ட ஓர் ஆயரைப் போல் சபையை நடத்துவதாகக் குற்றஞ்சாட்டினார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் அதே ஊரில் தனிப்பந்தி போட்டார். கிறிஸ்துவின் மனிதத்தன்மை பற்றி நியூட்டன் கற்பித்ததில் பிழை இருந்தது 1847-இல் வெளியானது. அவர் அதை எழுத்தில் திரும்பப் பெற்றார், பிளிமத்தை விட்டும் போய்விட்டார். விவகாரம் அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் நியூட்டன் சபையிலிருந்து வந்த சிலரைப் பிரிஸ்டலின் பெத்தெஸ்தா பந்தியில் சேர்த்துக்கொண்டது. அவர்கள் தவறான போதனையைப் பிடித்திருக்கவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டே சேர்த்ததாக முல்லர், கிரேக் உட்பட பத்துப் பேர் 1848-இல் கடிதம் எழுதினார்கள். டார்பி அதை ஏற்கவில்லை. பெத்தெஸ்தாவிலிருந்து வருகிற யாரையும் சேர்ப்பவர்களும் அந்தத் தீமையில் பங்காளிகள் என்று ஒரு சுற்றறிக்கை விட்டார். அவரைப் பின்பற்றியவர்கள் 'விலக்கப் பிரிவினர்' ஆனார்கள், மற்றவர்கள் 'திறந்த பிரிவினர்' ஆனார்கள். பிழையான போதனையை இரு தரப்பாரும் கண்டித்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களைப் பிரித்தது, பிழையுள்ளவரோடு உண்டவரோடு உண்ணலாமா என்ற கேள்வி. தீட்டு தொற்றும் என்ற எண்ணத்தோடு வாழ்ந்த சமூகத்திலிருந்து வரும் வாசகருக்கு இந்தத் தர்க்கத்தை விளக்கத் தேவையில்லை.

இது டார்பியின் பிடிவாதத்தால் வந்த வினை, கொள்கையின் விளைவல்ல என்பார் உண்டு. பிடிவாதம் இருந்தது. குரோவ்ஸ் 1836-லேயே டார்பிக்கு எழுதிய கடிதத்தில், பொதுவான ஜீவனைப் பார்த்துச் சேர்க்காமல் அறிவின் அளவைப் பார்த்துச் சேர்க்கும் நிலைக்கு நீர் போய்க்கொண்டிருக்கிறீர் என்ற கருத்தில் எச்சரித்திருந்தார். ஆனால் தர்க்கம் அந்த ஒரு சண்டையோடும் ஒரே ஆளோடும் முடிந்துவிடவில்லை. 1879-இல் வைட் தீவின் ரைட் நகரில், சக சபைகளின் இசைவு இல்லாமல் புதிய கூட்டம் ஒன்றோடு சேர்ந்து அப்பம் பிட்டார் என்பதற்காக ஒரு முதியவரை லண்டன் சபை விலக்கிவைத்தது. அந்த முதியவர், டப்ளினில் உறுப்பினர் பட்டியலை மறுத்த அதே எட்வர்ட் குரோனின். 1882-இல் அவர் இறந்தார், டார்பி இறந்ததும் அதே ஆண்டு. விலக்கப் பிரிவு அதன்பின் மேலும் மேலும் பிளந்தது. அதன் மிகக் கடுமையான கிளை 1960-களில், சபையில் சேராதவரோடு வீட்டுச் சாப்பாட்டு மேசையில்கூட உட்காரக் கூடாது என்று விதித்தது. கணவன் மனைவிக்கிடையேயும் பெற்றோர் பிள்ளைகளுக்கிடையேயும் அன்னந்தண்ணிப் புழக்கம் நின்ற குடும்பங்கள் உண்டு. நிறுவனச் சட்டம் இல்லாத இடத்தில் ஒழுங்கை நிலைநாட்டப் பந்தியைத் தவிர வேறு கருவி இல்லை. அதனால்தான் அந்தக் கருவி இவ்வளவு கூர்மையானது.

தமிழகத் தொடர்பு இந்த வாதத்தின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. மிஷனெரியாகப் போன பாக்தாதில் கொள்ளைநோயில் 1831-இல் மனைவியைப் பறிகொடுத்த குரோவ்ஸ் 1833-இல் இந்தியாவுக்கு வந்தார். திருநெல்வேலியில் அப்போது மிஷனெரி ரேனியஸ் ஐயருக்கும் சர்ச் மிஷனெரி சங்கத்துக்கும் குருப்பட்ட விஷயத்தில் பூசல் முற்றிக்கொண்டிருந்தது. தம் உபதேசியார்களுக்குப் பேராயர் இல்லாமலே பட்டம் கொடுக்கலாம் என்பது ரேனியஸின் எண்ணம். 1835-இல் சங்கம் அவரை நீக்கியது. அவரிடம் படித்த, உக்கிரன்கோட்டையில் பிறந்த ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) குரோவ்ஸோடு சேர்ந்து பயணம் செய்தார், பிறகு சம்பளமில்லாமல் ஊழியம் செய்யத் தொடங்கினார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் 1840-களில் அவர் உருவாக்கிய கிறிஸ்தியான்பேட்டை 1860-இல் ஒரு பெரிய எழுப்புதலின் மையமானது. பட்டம் பெறாத அருளப்பனும் அந்திரேயா என்பவரும் உள்ளூர்க் கிறிஸ்தவர்களோடு சேர்ந்து கர்த்தருடைய பந்தியில் பங்கெடுத்தது நாட்டில் எழுப்பிய பரபரப்பைக் குரோவ்ஸ் வியப்போடு எழுதியிருக்கிறார். வியப்பதற்கு ஒன்றுமில்லை. தஞ்சைப் பகுதி ஆலயங்களில் சாதிவாரியாக உட்காரவைத்துத் திருவிருந்து கொடுத்துவந்த காலம் அது. சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றுமடல் அனுப்பியது 1833-இல். அது பெரும் கலகத்தைக் கிளப்பியது. யார் கையால் வாங்கி உண்பது என்பது இங்கே இறையியலுக்கு முந்திய கேள்வி. ஒரு தமிழன், வெள்ளைக்காரப் பேராயரின் கை தன் தலைமேல் படாமலே, அப்பத்தை எடுத்துப் பிட்டான் என்பது இரண்டு மேல்கீழ் வரிசைகளை ஒருசேரத் தொட்டது. சாதியை அது ஒழித்துவிடவில்லை. ஆனால் உள்ளூர் மக்கள் தாங்களே சபை நடத்தலாம் என்ற எண்ணத்தை, மிஷன் பணம் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே நடைமுறையில் காட்டியது.

பந்தியில் எல்லாரும் சமம் என்பது முழு உண்மையல்ல என்ற மறுப்பும் உண்டு. அதற்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. ஆவியானவர் யாரை வேண்டுமானாலும் பேசவைக்கலாம் என்று சொல்லும் ஆராதனையில், பெரும்பாலான பிரதரன் சபைகளில் பெண்கள் முக்காடிட்டு மௌனமாக இருக்கிறார்கள். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய கட்டளை என்பது அவர்கள் தரும் காரணம். பெத்தெஸ்தாவின் முதல் ஏழு பேரில் நால்வர் பெண்கள் என்பதை நினைத்தால், அந்தப் பந்தியின் பெரும்பகுதி தொடக்கத்திலிருந்தே பேசாத பகுதி. ஆயர் இல்லை என்ற இடத்தில் செல்வாக்குள்ள மூப்பர், முழுநேர ஊழியக்காரர், பத்திரிகை ஆசிரியர், சொத்தின் அறங்காவலர் ஆகியோர் ஆயரைவிடவும் அசைக்க முடியாதவர்களாகிவிடுவதும் நடக்கிறது. பட்டம் இருந்தால் பறிக்கலாம், பட்டமில்லாத அதிகாரத்தைப் பறிப்பது எப்படி? இவையெல்லாம் பந்தி நியாயமானது என்பதை மறுக்கின்றன. அது மையமானது என்பதை மறுக்கவில்லை.

இன்றும் ஒரு விசுவாசி வெளியூருக்குப் போனால், தன் சபை மூப்பர்கள் கையெழுத்திட்ட சிபாரிசுக் கடிதத்தைக் கொண்டுபோவது வழக்கம். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வரும் உபசாரக் கடிதமே இதற்கு முன்மாதிரி என்பார்கள். கடிதம் ஆராதனையின் தொடக்கத்தில் வாசிக்கப்படும். வந்தவர் மேசையைச் சுற்றியுள்ள வரிசையில் உட்காருவார். கடிதம் இல்லாதவரை விசாரித்துச் சேர்க்கும் சபைகளும் உண்டு. பின்வரிசையில் உட்காரவைத்து, அப்பமும் பாத்திரமும் அவரைத் தாண்டிப் போகும்படி விடும் சபைகளும் உண்டு. காணிக்கைப் பையும் பல இடங்களில் அவரைத் தாண்டியே போகும், பங்கில்லாதவரிடம் பணம் வாங்குவதில்லை என்பதால்.