ஓட்டத் தெரிந்தால் போதாதா?

ஓட்டுநர் உரிமம் எதற்குச் சான்று? வண்டி ஓட்டத் தெரியும், சாலை விதி தெரியும் என்பதற்கு. 1993இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம் இதோடு இன்னொன்றையும் கேட்டது: அமெரிக்காவில் சட்டப்படி தங்கியிருப்பதற்கான சான்று. ஆவணமற்ற குடியேறிகளுக்கு உரிமத்தின் கதவு அன்று மூடியது.

அவர்கள் ஓட்டுவதை நிறுத்தினார்களா? லாஸ் ஏஞ்சலிஸ் பரந்து கிடக்கும் நகரம். மெக்ஸிகோவிலிருந்தும் எல் சால்வடாரிலிருந்தும் வந்த பெண்கள் வீடு பெருக்கவும் பிள்ளை வளர்க்கவும் போகும் வசதியான குடியிருப்புகள் பலவற்றுக்குப் பேருந்து எளிதில் எட்டுவதில்லை. உரிமம் இல்லாமல் பிடிபட்டால் வண்டியை 30 நாள் காவல்துறை பிடித்துவைக்கலாம். மீட்கும் செலவில் பல நாள் கூலி போய்விடும். வேலைக்குப் போவது மட்டுமல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், அடிக்கிற கணவனை விட்டு வெளியேற வேண்டும் என்றாலும் வண்டிச் சாவிதான் வழி. அந்த வழியைக் குற்றமாக்கியது சட்டம்.

2003இல் ஆளுநர் கிரே டேவிஸ் உரிமம் வழங்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அடுத்த மாதமே வாக்காளர்கள் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே ரத்தானது. மீண்டும் பத்து ஆண்டு காத்திருப்பு. 2013இல் நிறைவேறிய சட்டம் 2015 ஜனவரியில் அமலானது. முதல் ஆண்டிலேயே சுமார் 6 லட்சம் பேர் உரிமம் பெற்றார்கள்.

‘விதியை மீறி வந்தவர்களுக்குப் பரிசா?’ என்று எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். 2017இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வு, மோதிவிட்டு நிற்காமல் ஓடும் விபத்துகள் 2015இல் 7 முதல் 10 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. மொத்த விபத்துகள் கூடவில்லை. நின்றால் நாடு கடத்தப்படுவோம் என்ற பயம் தணிந்தவர் நிற்கிறார். அடிபட்டுக் கிடப்பவருக்கும் அது நன்மைதானே?

ஆனாலும் அந்த அட்டையில் ‘கூட்டாட்சி வரம்புகள் பொருந்தும்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். 2005இன் கூட்டாட்சி அடையாளச் சட்டம் அப்படி வேறுபடுத்தச் சொல்கிறது. நீட்டிய கணமே அது அவள் யாரென்று காட்டிக் கொடுக்கக்கூடும். விண்ணப்பத்தில் அவள் எழுதிய முகவரியும் அரசின் கணினியில் இருக்கிறது. இந்த ஆபத்தை உணர்ந்தே, 2019இல் நியூயார்க் தன் சட்டத்தில் நீதிமன்ற ஆணையின்றி அந்த விவரங்களைக் குடிவரவுத் துறைக்குத் தரக் கூடாது என்று எழுதியது.

உரிமம் தர வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் அதை நம்பி அவள் கொடுத்த முகவரிக்கு ஒருநாள் அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவார்கள் என்றால், தந்தது உரிமமல்ல, பொறி.