கூடத்தில் பிறந்த தோட்டா

என்.சி.சி.யில் இருந்தவங்க .22 ரைஃபிளில் சுட்டிருப்பீங்க. தோளில் பெரிசா உதைக்காது. அதோட சுகமே அதுதான். இந்தத் தோட்டாவின் மூதாதை போர்க்களத்துக்காகப் பிறந்ததில்லை. 1845-ல் பாரிஸில் ஃப்ளோபெர் என்பவர், அடிச்சா வெடிக்கிற குட்டி கேப் ஒன்றின் வாயில் சின்ன ஈயக் குண்டைச் செருகினார். தனியா வெடிமருந்தே கிடையாது. வீட்டுக் கூடத்துக்குள்ளேயே குறிபார்த்துச் சுட்டு விளையாடினாங்க. (விருந்தாளிங்க பாவம்!)

1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்த யோசனையை வளர்த்து, விளிம்பில் அடிச்சா தீப்பிடிக்கும் .22 தோட்டாவையும் அதற்கேற்ற ரிவால்வரையும் கொண்டுவந்தது. நாலே வருஷத்தில் அங்கே உள்நாட்டுப் போர். சிப்பாய்கள் அதைச் சொந்தக் காசில் வாங்கிச் சட்டைக்குள் வெச்சுக்கிட்டுப் போனாங்க. ஆயுதம் விளையாட்டா மாறின கதை நிறைய உண்டு. இங்கே விளையாட்டுச் சாமான் போருக்குப் போயிருக்கு. இன்னிக்கு ரேஞ்சில் நாம சுடுற .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல்தான் வந்தது.