மண்ணின் வாக்குமூலம்

அகழாய்வு என்றதும் தாழிகளும் பானை ஓடுகளுமே நம் நினைவில் எழுகின்றன. நம் காலத்தில் கொன்று புதைக்கப்பட்டோர்க்காகவும் அக்கலை சாட்சி சொல்லும் என்பதை நாம் இலத்தீன் அமெரிக்க வரலாற்றிலிருந்து அறிகிறோம்.

1976 முதல் 1983 வரை அர்ஜென்டினாவை ஆண்ட இராணுவம் ஆயிரக்கணக்கானோரைக் கடத்திக் கொன்றது. மக்களாட்சி மீண்டதும் பெயரில்லாப் புதைகுழிகள் புல்டோசர்களால் தோண்டப்பட்டன. எலும்புகள் நொறுங்கின, ஒருவருடையது மற்றவருடையதோடு கலந்தது. 1984இல் அங்குச் சென்ற அமெரிக்கத் தடய மானிடவியலாளர் கிளைட் ஸ்னோவுடன் தொல்லியலும் மானிடவியலும் பயின்ற மாணவர் சிலர் இணைந்தனர். இயந்திரத்தின் இடத்தைக் கரணையும் தூரிகையும் பெற்றன. அர்ஜென்டினத் தடய மானிடவியல் குழு அவ்வாறே பிறந்தது.

ஒரு குழியை ஒருமுறைதான் அகழ இயலும். அகழ்ந்தபின் அது குழியாக இருப்பதில்லை. ஆகவே எது எதன்மேல் கிடந்தது, எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதை அளந்து, வரைந்து, படமெடுத்த பின்னரே ஒவ்வொன்றையும் அகற்றுவர். எலும்பு இறந்தவர் யாரென்று சொல்லக்கூடும். அது கிடந்த கிடை, அவர் எவ்வாறு இறந்தார் என்பதைச் சொல்லும்.

இதன் பயன் எல் சால்வடோரில் வெளிப்பட்டது. 1981 டிசம்பரில் எல் மொசோட்டே என்னும் சிற்றூரில் படையினர் ஊர்மக்களைக் கொன்று குவித்தனர். அரசு மறுத்தது, இறந்தோர் கிளர்ச்சியாளருடனான மோதலில் மாண்டவர் என்றும் வாதிடப்பட்டது. 1992இல் அக்குழுவினர் தேவாலயத்தை அடுத்திருந்த சிறு கட்டடத்தின் இடிபாட்டை அகழ்ந்தனர். அங்கிருந்து மீட்கப்பட்ட 143 பேரின் எச்சங்களில் 131 பேர் பன்னிரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகள். எலும்புக்கூடுகளுக்கு நேர்கீழே தரையில் தோட்டாக்கள் புதைந்திருந்தன: தரையில் கிடந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள். கிடைத்த 245 தோட்டா உறைகளில் ஒன்று தவிர ஏனையவை, அப்படையினர் ஏந்திய எம்-16 வகைத் துப்பாக்கிக்குரியவை. மோதல் என்னும் கதை அத்துடன் முடிந்தது.

நீதியோ உடன் வரவில்லை. 1993 மார்ச்சில் உண்மை ஆணையத்தின் அறிக்கை வெளியான சில நாட்களிலேயே பொது மன்னிப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2016இல்தான் அச்சட்டம் செல்லாதெனத் தீர்ப்பாகி, வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அக்கட்டடத்தையும் புல்டோசர் கொண்டு வாரியிருந்தால், அக்குழந்தைகளின் பொருட்டுச் சொல்ல அம்மண்ணில் என்ன எஞ்சியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.